ஒரு தலைப்பு, மூன்று இடங்கள்: காம்போனென்ட்டுகளுக்கு இடையே ஸ்டேட்டைப் பகிர்வது எப்படி?

குறிப்பு எழுதும் சிறிய செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் குறிப்புகளின் பட்டியல். வலது பக்கம், தேர்ந்தெடுத்த குறிப்பைத் திருத்தும் எடிட்டர். மேலே ஒரு பட்டை. அதில் திறந்திருக்கும் குறிப்பின் பெயரும், மொத்தக் குறிப்புகளின் எண்ணிக்கையும். எடிட்டரில் தலைப்பைத் திருத்துகிறீர்கள். அங்கே எழுத்து மாறுகிறது. இடது பக்கத்திலோ பழைய பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. வலைத் திரைகளை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகத்தில் வேலையைத் தொடங்கும் எவருக்கும் முதல் சில வாரங்களுக்குள் இந்தச் சிக்கல் வந்துவிடும். காம்போனென்ட் என்பது பட்டியல், எடிட்டர் போன்ற திரையின் ஒரு துண்டு. ஸ்டேட் என்பது அந்தத் துண்டு நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய தகவல்.

எனக்கும் வந்தது. எடிட்டரில் தலைப்பின் நகல் ஒன்று, பட்டியலில் இன்னொன்று வைத்திருந்தேன். எடிட்டர் மாறினால் பட்டியலுக்கு எழுத ஓர் எஃபெக்ட் (திரை வரைந்த பின் தானாக ஓடும் நிரல்துண்டு), பட்டியல் மாறினால் எடிட்டருக்கு எழுத இன்னோர் எஃபெக்ட். அரை மணி நேரம் அழகாக ஓடியது. வேகமாகத் தட்டச்சு செய்தபோது நடுவில் எழுத்துகள் காணாமல் போயின. வேறு குறிப்புக்கு மாறினால், முந்தைய குறிப்பின் தலைப்பு புதியதன் மேல் போய் எழுதப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் 'இஃப்' நிபந்தனை சேர்த்தேன். ஐந்தாவது 'இஃப்' எழுதும்போதுதான், இரண்டு நகல்களுக்கு நடுவே பஞ்சாயத்து செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நகல் ஒன்று ஒழிந்தால் பஞ்சாயத்துக்கே வேலை இல்லை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த நகலைத் தேடிப் பிடித்து நீக்கும் வேலைதான்.

எடுத்துக்காட்டுகளை ரியாக்டை வைத்துச் சொல்கிறேன். வியூ, ஸ்வெல்ட் போன்ற மற்ற கருவிகளில் என்ன மாறும் என்பதைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறேன்.

படி 1: நிரல் எழுதும் முன் ஒரு தாள்

திரையில் மாறக்கூடிய தகவல்கள் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கேள்விகள்: இதை யார் படிக்கிறார்? யார் மாற்றுகிறார்?

நம் செயலிக்கு இப்படி வரும். குறிப்புகள்: பட்டியல், எடிட்டர், மேல்பட்டை மூன்றும் படிக்கின்றன, எடிட்டரும் 'புதியது', 'நீக்கு' பொத்தான்களும் மாற்றுகின்றன. எந்தக் குறிப்பு திறந்திருக்கிறது: மூன்றும் படிக்கின்றன, பட்டியல் மாற்றுகிறது. தேடல் சொல்: பட்டியல் மட்டுமே படிக்கிறது, மாற்றுவதும் அதுவே. மொத்த எண்ணிக்கை: மேல்பட்டை படிக்கிறது, நேரடியாக மாற்றுபவர் எவரும் இல்லை. 'நிச்சயமாக நீக்கலாமா' என்று கேட்கும் பெட்டி திறந்திருக்கிறதா: அந்தப் பொத்தானுக்கு மட்டுமே தெரிந்தால் போதும்.

ஐந்து நிமிட வேலை. ஆனால் பகிர வேண்டியவை இரண்டே இரண்டு என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. தேடல் சொல்லும் அந்தப் பெட்டியும் தத்தம் காம்போனென்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும். புதியவர்கள் பலர், பகிரும் முறையைக் கற்ற மறுநாள் எல்லாவற்றையும் பொதுவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். தேவையில்லை.

படி 2: கணக்கிட முடிந்ததை அடித்துவிடுங்கள்

மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். மாற்றுபவர் இல்லாத தகவல், வேறொன்றிலிருந்து பிறக்கும் தகவல். அதற்குத் தனி ஸ்டேட் வைத்தால், குறிப்பைச் சேர்க்கும் இடத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும், நீக்கும் இடத்தில் கழிக்க வேண்டும், சர்வரிலிருந்து புதிய பட்டியல் வந்தால் மறுபடி எண்ண வேண்டும். இவற்றில் ஒன்றை என்றாவது மறப்பீர்கள்.

ரெண்டர் ஆகும்போதே, அதாவது ரியாக்ட் திரையை வரையும்போதே, எத்தனை குறிப்புகள் என்று எண்ணிக் காட்டுங்கள், முடிந்தது. தேடல் சொல்லுக்குப் பொருந்தும் குறிப்புகளும் அப்படியே: குறிப்புகள், தேடல் சொல் இரண்டையும் வைத்து அந்த நொடியே வடிகட்டலாம். 'ஒவ்வொரு முறையும் வடிகட்டினால் மெதுவாகிவிடாதா?' என்று கேட்பீர்கள். சில நூறு வரிகளை வடிகட்டுவது பிரவுசருக்கு ஒரு பொருட்டே இல்லை. அளந்து பார்த்து உண்மையிலேயே மெதுவாக இருந்தால், கணக்கிட்ட விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் யூஸ்மெமோ இருக்கிறது. வியூவில் இதே வேலைக்கு 'கம்ப்யூட்டட்', ஸ்வெல்ட் 5இல் 'டிரைவ்டு'. எண்ணம் பழையது: 2010இல் வந்த நாக்அவுட் நூலகத்திலேயே, மற்ற மதிப்புகளைக் கவனித்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் மதிப்புகள் இருந்தன.

படி 3: குறிப்பையே வைக்காதீர்கள், அதன் ஐடியை வையுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்போம். நான் பார்த்த ஒத்திசைவுப் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கண்ணுக்கு நகல் போலவே தெரியாத நகல் இது.

பட்டியலில் ஒரு வரியைச் சொடுக்கியதும், 'தேர்ந்தெடுத்த குறிப்பு' என்ற ஸ்டேட்டில் அந்தக் குறிப்பின் ஆப்ஜெக்டையே (தலைப்பும் உள்ளடக்கமும் அடங்கிய தொகுப்பையே) வைக்கிறீர்கள். இயல்பாகத்தான் தோன்றும். இப்போது எடிட்டரில் தலைப்பைத் திருத்துகிறீர்கள். விதிப்படி (காரணம் படி 5இல்), பழைய ஆப்ஜெக்டைத் தொடாமல் புதிய தலைப்போடு புதிய ஆப்ஜெக்ட் ஒன்றைச் செய்து குறிப்புகளின் பட்டியலில் வைக்கிறீர்கள். பட்டியலில் புதியது இருக்கிறது. 'தேர்ந்தெடுத்த குறிப்பு' இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேல்பட்டை அதைப் படித்துப் பழைய பெயரைக் காட்டுகிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரே குறிப்புக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள்.

ஐடியை, அதாவது குறிப்பின் அடையாள எண்ணை, மட்டும் வையுங்கள். ஐடி 7 திறந்திருக்கிறது என்றால், ரெண்டர் ஆகும்போது குறிப்புகளில் ஐடி 7 உள்ளதைத் தேடி எடுங்கள். தலைப்பு மாறினாலும் உள்ளடக்கம் மாறினாலும் கிடைப்பது எப்போதும் புதியதே. குறிப்பை நீக்கிவிட்டால் தேடலில் எதுவும் கிடைக்காது. 'ஒரு குறிப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று காட்டிவிடலாம். நீக்கிய குறிப்பு எடிட்டரில் ஆவியாக நின்றுகொண்டிருக்கும் பிழையும் இதிலேயே தீர்ந்தது.

இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு: தன்னை உள்ளடக்கிய பெற்றோர் காம்போனென்ட் அனுப்பும் மதிப்புகளான ப்ராப்ஸில் வந்த தலைப்பை, ஸ்டேட்டை உருவாக்கும் யூஸ்ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாகக் கொடுப்பது. தொடக்க மதிப்பு என்பது பெயருக்கேற்றபடி முதல் ரெண்டருக்கு மட்டும்தான். அதன்பின் பெற்றோர் எத்தனை முறை புதிய தலைப்பை அனுப்பினாலும் அந்த ஸ்டேட் காதில் வாங்காது. இதைச் சரிசெய்யத்தான் பலரும் எஃபெக்ட் எழுதப் போகிறார்கள். நானும் அந்த வழியாகத்தான் போய் விழுந்தேன். நேரடியாக ப்ராப்ஸையே காட்டினால் போதும்.

நகல் நியாயமாகும் இடம் ஒன்று இருக்கிறது. எடிட்டரில் 'சேமி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்கள் இருந்து, சேமிக்கும் வரை மற்ற இடங்களில் மாற்றம் தெரியக் கூடாது என்றால், எடிட்டருக்குள் இருப்பது வரைவு. வரைவு என்பது தெரிந்தே எடுத்த நகல். அதற்குத் தொடக்க மதிப்பு சரியான கருவி. வேறு குறிப்புக்கு மாறும்போது பழைய வரைவு ஒட்டிக்கொண்டு வராமலிருக்க, எடிட்டருக்கு 'கீ'யாகக் குறிப்பின் ஐடியைக் கொடுங்கள். ஐடி மாறியதும் ரியாக்ட் பழைய எடிட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும். வரைவும் புதிதாகத் தொடங்கும். ஒரு வரி நிரல், எஃபெக்ட் தேவையில்லை.

படி 4: பொதுப் பெற்றோருக்கு ஏற்றுங்கள்

தாளில் மிஞ்சியவை இரண்டு: குறிப்புகள், திறந்திருக்கும் ஐடி. இவற்றைப் படிக்கும் மூன்று காம்போனென்ட்டுகளுக்கும் பொதுவான, மிக அருகில் உள்ள பெற்றோர் யார் என்று பாருங்கள். அங்கே இரண்டையும் வையுங்கள். அதற்கு மேலே போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் பொருள்கள் கீழே போகும்: மதிப்பு ஒன்று, அதை மாற்றுமாறு கேட்க ஒரு ஃபங்ஷன். எடிட்டரில் ஒரு விசையைத் தட்டினால் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். 'க' என்று தட்டுகிறீர்கள். உள்ளீட்டுப் பெட்டி மாறினால் ஓடும் ஆன்சேஞ்ச் ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அது பெற்றோர் கொடுத்த ஃபங்ஷனை அழைத்து, 'ஐடி 7இன் தலைப்பு இனி இது' என்கிறது. பெற்றோர் தன் ஸ்டேட்டை மாற்றுகிறது. ரியாக்ட் பெற்றோரை மறுபடி ரெண்டர் செய்கிறது. புதிய மதிப்பு மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே ரெண்டரில் இறங்குகிறது. பெட்டியில் தெரியும் 'க' கூட மேலே போய்த் திரும்பி வந்த 'க'தான். அதனால்தான் ஆன்சேஞ்சைக் கொடுக்க மறந்தால் பெட்டியில் எதையும் தட்டவே முடியாமல் போகிறது. கணினி பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

தகவல் கீழே இறங்குகிறது, கோரிக்கை மேலே ஏறுகிறது. இந்த ஒருவழிப் போக்குவரத்து எளிதில் வந்துவிடவில்லை. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸில் இருவழிப் பிணைப்பு இருந்தது: இது மாறினால் அது, அது மாறினால் இது. இரண்டு கண்காணிப்பாளர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே இருந்தால், 10 சுற்றுகளுக்குப் பிறகு அது பிழையை எறிந்துவிட்டு நின்றுவிடும். என் இரண்டு எஃபெக்டுகள் செய்த வேலையும் அதேதான்.

வியூவிலும் ப்ராப்ஸ் ஒருவழிதான். அங்கே உள்ளீட்டுப் பெட்டியோடு மதிப்பை இணைக்கும் வி-மாடல் இருவழி போலத் தெரிந்தாலும், உள்ளே மதிப்பு கீழே போய் நிகழ்வு மேலே வருவதைச் சுருக்கி எழுதும் முறை அது.

படி 5: மாற்றும்போது பழையதைக் கீறாதீர்கள்

எல்லாம் சரியாக வைத்தும் திரை மாறவில்லையா? பழைய பட்டியலிலேயே 'புஷ்' செய்து ஒன்றைச் சேர்த்து, அதே பட்டியலை ஸ்டேட்டை மாற்றும் செட் ஃபங்ஷனிடம் கொடுத்திருப்பீர்கள். ரியாக்ட் பட்டியலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை; பழையதும் புதியதும் ஒரே பொருளா என்று மட்டும் பார்க்கிறது. ஒரே பொருள் என்றால் ரெண்டர் இல்லை. புதிய பட்டியலைச் செய்து கொடுங்கள்: சேர்க்க விரித்தெழுதல், மாற்ற மேப், நீக்க ஃபில்ட்டர்.

இன்னொரு கண்ணி, பழைய மதிப்பிலிருந்து புதியதைக் கணக்கிடுவது. ஒரே கிளிக்கில் 'எண்ணிக்கை + 1' என்று மூன்று முறை செட் செய்தால் மூன்று அதிகரிக்காது, ஒன்றுதான் அதிகரிக்கும். மூன்று வரிகளும் படிப்பது அந்த ரெண்டரில் உறைந்த ஒரே எண்ணிக்கையை. மதிப்புக்குப் பதிலாக, 'முந்தையதை வாங்கி ஒன்று கூட்டித் தரும்' ஃபங்ஷனைக் கொடுத்தால் மூன்றும் வரிசையாக ஏறும். பகிர்ந்த ஸ்டேட்டில் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுபவர்கள் பலர் இருக்கும் இடத்தில் யார் கையில் எந்தக் காலத்து மதிப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

வியூ, ஸ்வெல்ட் 5 இரண்டும் இதில் தாராளம்: அங்கே 'புஷ்' செய்தாலே கண்டுபிடித்துவிடும். பதிலுக்கு அவற்றுக்கென்று வேறு கண்ணி உண்டு. வியூவில் ரியாக்டிவ் (மாற்றத்தைத் தானே கவனிக்கும்) ஆப்ஜெக்டிலிருந்து ஒரு மதிப்பைப் பிரித்து வெளியே எடுத்தால், அது தொடர்பு அறுந்த வெறும் மதிப்பாகிவிடலாம். மறுபடியும் நகல்!

படி 6: தூரம் அதிகமானால்

பெற்றோருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே ஐந்தாறு அடுக்குகள் இருந்தால், நடுவில் உள்ளவர்கள் தமக்குத் தேவையே இல்லாத ப்ராப்ஸைக் கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். உடனே, நடுவில் உள்ளவர்களைத் தாண்டி மதிப்பைக் கொண்டுசேர்க்கும் கான்டெக்ஸ்டுக்கு ஓட வேண்டாம். முதலில், நடு அடுக்கு தன் பிள்ளையைத் தானே உருவாக்குவதற்குப் பதில், பெற்றோரிடமிருந்து 'சில்ட்ரன்' ஆகப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பெற்றோரே பிள்ளைக்கு நேரடியாக மதிப்பைக் கொடுத்துவிடலாம். பாதி நேரம் இதுவே போதும்.

அப்போதும் தீரவில்லை என்றால் கான்டெக்ஸ்ட். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 2018இல் ரியாக்ட் 16.3உடன் வந்தது. மேலே ஒரு ப்ரொவைடர் மதிப்பை வைக்கிறது. கீழே எந்த ஆழத்திலிருந்தும் படிக்கலாம். கான்டெக்ஸ்ட் ஸ்டேட்டைச் சேமிப்பதில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய் மட்டுமே என்பது நினைவில் இருக்கட்டும். உள்ளே ஓடுவது அதே படி 4இன் ஸ்டேட்.

அதன் விலை: ப்ரொவைடரின் மதிப்பு மாறினால், அதைப் படிக்கும் காம்போனென்ட்டுகள் எல்லாம் ரெண்டர் ஆகும். தேவையானது அந்த ஆப்ஜெக்டின் ஒரு மூலை மட்டும் என்றாலும் விலக்கு கிடையாது. ப்ரொவைடரின் மதிப்பாக அங்கேயே ஒரு புதிய ஆப்ஜெக்டை எழுதியிருந்தால், பெற்றோர் ரெண்டர் ஆகும்போதெல்லாம் 'மாறிவிட்டது' என்றே கணக்கு. அந்த ஆப்ஜெக்டை யூஸ்மெமோவுக்குள் வையுங்கள். மதிப்புக்கு ஒரு கான்டெக்ஸ்ட், மாற்றும் ஃபங்ஷன்களுக்கு வேறொன்று எனப் பிரிப்பதும் நல்ல பழக்கம். 'புதியது' பொத்தான் எழுதுகிறதே தவிரப் படிப்பதில்லை, அது ஒவ்வொரு விசைக்கும் ரெண்டர் ஆக வேண்டியதில்லை. தீம், மொழி, உள்நுழைந்த பயனர் போன்று எப்போதோ மாறுபவற்றுக்குக் கான்டெக்ஸ்ட் பொருத்தம். ஒவ்வொரு விசைக்கும் மாறுவதற்கு அவ்வளவாக இல்லை.

படி 7: ஸ்டோர் எப்போது?

ஃபேஸ்புக்கின் அரட்டையில் ஒரு காலத்தில் பிரபலமான பிழை ஒன்று இருந்தது. படிக்காத செய்தி இருப்பதாக மேலே எண் காட்டும். திறந்து பார்த்தால் புதிய செய்தி எதுவும் இருக்காது. சரிசெய்வார்கள், சில நாளில் திரும்பி வரும். எண்ணைக் காட்டும் இடம், அரட்டைப் பெட்டி, செய்திப் பக்கம் என்று பலரும் ஒரே தகவலைக் கையாண்டதே காரணம். 2014இல் அவர்கள் ஃபிளக்ஸ் என்ற அமைப்பை அறிமுகப்படுத்தியபோது இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்த எண்ணத்தைச் சுருக்கி டான் ஆப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் ரிடக்ஸை உருவாக்கினார்கள்: ஸ்டேட் முழுவதையும் வைத்திருக்கும் ஒரே ஸ்டோர், அதை நேரடியாகத் தொட முடியாது, 'இது நடந்தது' என்று அறிவித்தால் ஒரு தூய ஃபங்ஷன் அடுத்த ஸ்டேட்டைத் தரும்.

ஸ்டோர் என்பது காம்போனென்ட் மரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மதிப்பும், அதைக் கவனிப்பவர்களின் பட்டியலும். மாறியதும் கவனிப்பவர்களுக்குச் சொல்கிறது. ரிடக்ஸ், ஸுஸ்டாண்ட், வியூவின் பினியா எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். கான்டெக்ஸ்டைவிட இதில் கிடைக்கும் லாபம் செலக்டர்: 'எனக்கு ஐடி 7இன் தலைப்பு மட்டும் போதும்' என்று சொல்லிவைத்தால், அது மாறும்போது மட்டுமே அந்தக் காம்போனென்ட் ரெண்டர் ஆகும். ஓர் எச்சரிக்கை: செலக்டருக்குள்ளேயே ஃபில்ட்டர் செய்து ஒவ்வொரு முறையும் புதிய பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால், எப்போதும் 'மாறிவிட்டது' என்றாகி வீண் ரெண்டரிலோ முடிவில்லாச் சுற்றிலோ கொண்டுபோய் விடும். பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்து வடிகட்டுங்கள்.

ஆர்வத்தில் நீங்களே ஸ்டோர் ஒன்றைச் செய்து பார்க்கலாம். முப்பது வரிகூட வராது. ஆனால் அதை ரியாக்டோடு இணைக்க யூஸ்எஃபெக்டும் யூஸ்ஸ்டேட்டும் போதும் என்று எண்ணாதீர்கள். 2022இல் வந்த ரியாக்ட் 18, பெரிய ரெண்டரை நடுவில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரக்கூடியது. அந்த இடைவெளியில் ஸ்டோர் மாறினால், ஒரே திரையின் மேல்பாதி பழைய மதிப்பையும் கீழ்ப்பாதி புதியதையும் காட்டக்கூடும். இதைத் திரை 'கிழிவது' என்பார்கள். அதைத் தடுக்கவே யூஸ்சின்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் என்ற நீண்ட பெயருள்ள ஹுக் (யூஸ்ஸ்டேட் போலக் காம்போனென்ட்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷன்) அதே பதிப்பில் வந்தது.

நம் குறிப்புச் செயலிக்கு ஸ்டோர் வேண்டுமா? என் பதில்: வேண்டாம். மூன்று காம்போனென்ட்டுகள், ஒரு பெற்றோர். படி 4இலேயே நிறுத்திக்கொள்வேன்.

படி 8: உங்கள் கையில் இல்லாத தகவல்

சர்வரிலிருந்து வரும் தகவல் வேறு சாதி. அதன் உண்மையான இடம் சர்வர். உங்களிடம் இருப்பது எப்படியும் நகல்தான், அதைத் தவிர்க்க வழியில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த நகல் எவ்வளவு பழையது, எப்போது புதுப்பிப்பது' என்பது. இதைச் சொந்தமாக எழுதுவதைவிட சர்வர் தகவலை வாங்கி நிர்வகிக்கும் டான்ஸ்டாக் குவெரி போன்ற நூலகம் ஒன்றிடம் விடுவது நல்லது. ஒரே பெயரில் கேட்கும் எல்லாக் காம்போனென்ட்டுகளும் ஒரே நகலைப் பகிர்ந்துகொள்ளும். சொந்தமாக எழுதித்தான் தீருவேன் என்றால், குறிப்பு 7ஐக் கேட்டு, பதில் வருமுன் 8ஐக் கேட்டால், 7இன் பதில் தாமதமாக வந்து 8இன் மேல் உட்காரும் என்பதை மறக்காதீர்கள். பழைய கோரிக்கையை, பிரவுசரே தரும் அபார்ட்கன்ட்ரோலரால் ரத்து செய்யுங்கள்.

திறந்திருக்கும் ஐடியை ஸ்டேட்டில் வைப்பதைவிட முகவரிப் பட்டையில் வைப்பது இன்னும் நல்லது. பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே குறிப்பு திறக்கும். பின்செல்லும் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்யும். அப்படி வைத்தால் ஸ்டேட்டிலும் ஒன்றை வைக்காதீர்கள். முகவரியிலிருந்தே படியுங்கள்.

கடைசியாக, இரண்டு டேபுகள். ஒரே செயலியை இரண்டு டேபில் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம். மேலே சொன்ன எதுவும் அந்தச் சுவரைத் தாண்டாது. பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் எழுதினால், அதே தளம் திறந்திருக்கும் மற்ற டேபுகளில் 'ஸ்டோரேஜ்' நிகழ்வு எழும். எழுதிய டேபில் அது எழாது. இது தெரியாமல் ஒரே டேபில் வைத்துச் சோதித்து, 'நிகழ்வே வரவில்லை' என்று ஒரு முழு மாலையைத் தொலைத்தவன் நான். எழுதிய டேபில் ஸ்டேட்டை வழக்கம்போல் மாற்றுங்கள். மற்ற டேபில் நிகழ்வைக் கேட்டு அங்குள்ள ஸ்டேட்டை மாற்றுங்கள். நிகழ்வைக் கேட்டு மாற்றும் இடம் மறுபடி லோக்கல்ஸ்டோரேஜில் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போது மதிப்பு சிறிதளவு வேறுபட்டாலும் (நேரத்தைக் குறித்து வைத்தால் நிச்சயம் வேறுபடும்), இரண்டு டேபுகளும் பந்தைத் தட்டித் தட்டி விளையாடத் தொடங்கிவிடும். சேமிக்கத் தேவையில்லை, சொன்னால் போதும் என்றால், டேபுகளுக்கிடையே செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட்சேனல் இருக்கிறது. 2022 முதல் சஃபாரி உட்பட முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. சோதிக்கும்போது இரண்டு ஜன்னல்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் தட்டிக்கொண்டே மற்றதைப் பாருங்கள்.